பாறையிலிருந்து சாணக்கியபுரி வரை

நரேந்திர மோதி முதன்முறையாகப் பிரதமராகப் பதவியேற்றது 2014 மே 26 அன்று. இரண்டு நாள்களில் ஓர் அவசரச் சட்டம் பிறந்தது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவராக இருந்தவர் அதன்பின் அரசுப் பணி எதையும் ஏற்கக் கூடாது என்றிருந்த தடையை அது தளர்த்த, அப்பதவியை முன்பு வகித்த நிருபேந்திர மிஸ்ரா பிரதமரின் முதன்மைச் செயலரானார். மே 30 அன்று அஜித் தோவல் தேசியப் பாதுகாப்பு ஆலோசகரானார். முன்னவர் புதுதில்லி சாணக்கியபுரியில் உள்ள விவேகானந்தா சர்வதேச அறக்கட்டளையின் நிர்வாகக் குழுவில் இருந்தவர். பின்னவர் அதன் முதல் இயக்குநர். அடுத்த ஆண்டு தொடங்கிய நிதி ஆயோக்கின் உறுப்பினர்களான விவேக் தேப்ராய், வி.கே. சாரஸ்வத் இருவரும்கூட அங்கே தொடர்புடையவர்களே.

இந்துத் தேசியச் சிந்தனைக் குழாம்களின் கதையைப் பெரும்பாலோர் இங்கிருந்தே தொடங்குகின்றனர். அந்த அறக்கட்டளை கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்தின் கிளை முயற்சி என்பதைக் கருதினால், தொடக்கத்தை ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் பின்னுக்குத் தள்ள வேண்டியிருக்கும்.

1963இல் விவேகானந்தர் பாறை நினைவிடப் பணியை ஏற்ற ஏக்நாத் ரானடே, அதற்குச் சற்று முன்புவரை ஆர்.எஸ்.எஸ். அமைப்பின் பொதுச்செயலராக இருந்தவர். முதலமைச்சர் பக்தவத்சலம் தயக்கம் காட்டியபோது ரானடே கிளர்ச்சியில் இறங்கவில்லை. தில்லி சென்று, கட்சி வேறுபாடின்றி 323 நாடாளுமன்ற உறுப்பினர்களின் கையொப்பத்தைத் திரட்டினார். நன்கொடையையும் அவ்வாறே திரட்டினார்: மாநில அரசுகளும் தந்தன, எளிய மக்களும் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் எனத் தந்தனர். 1970 செப்டம்பர் 2 அன்று குடியரசுத் தலைவர் வி.வி. கிரி நினைவிடத்தைத் திறந்துவைத்தார். 1972இல் கேந்திரம் உருவாயிற்று. சங்கத்தின் பெயரை முன்னிறுத்தாமல், எவராலும் மறுக்கவியலாத ஒரு தேசியப் பெயரின் நிழலில் நின்று, எதிர்த்தரப்பாரின் ஒப்புதலையும் பெறுவது எப்படி என்பதை அந்தப் பாறை கற்பித்தது. பிற்காலக் குழாம்கள் இம்முறையிலிருந்து பெரிதும் விலகவில்லை.

இடைப்பட்ட காலத்தைப் புரிந்துகொள்ள ஒரே மனிதரின் வாழ்வு போதும். கேரளத்தின் பி. பரமேஸ்வரன், ஜனசங்கத்தில் பணியாற்றி நெருக்கடி நிலையில் சிறை சென்றவர். பின்னர் நானாஜி தேஷ்முக் நிறுவிய தில்லி தீனதயாள் ஆய்வு நிறுவனத்துக்கு இயக்குநரானார். 1982இல் ஊர் திரும்பித் திருவனந்தபுரத்தில் பாரதீய விசார கேந்திரத்தைத் தொடங்கினார்; பிற்காலத்தில் கன்னியாகுமரி கேந்திரத்தின் தலைவராகவும் நெடுங்காலம் விளங்கினார். விசாரம் என்றால் மலையாளத்தில் சிந்தனை. தமிழ்க் காதுக்கோ அச்சொல் கவலையையே உணர்த்தும். இரண்டு பொருளும் அங்கே பொருந்தியே இருந்தன. நூலகங்களிலும் வாசிப்பு வட்டங்களிலும் இடதுசாரிகள் வேரூன்றிய மண்ணில், வாக்கால் வெல்ல முடியாத ஓர் இயக்கம் விவாதத்தால் இடம்பிடிக்க முனைந்தது. தேர்தல் பலன் சொற்பமே. ஆயினும் கருத்தரங்கு, இதழ், ஆய்வுக்கூட்டம் என்ற வடிவங்கள் இயக்கத்துக்குப் பழகின. அதே 1982இல் மகாராஷ்டிரத்தில் தொடங்கப்பட்ட ராம்பாவ் மால்கி பிரபோதினி, மக்கள் பிரதிநிதிகளுக்குப் பயிற்சியளிக்கும் வேலையை மேற்கொண்டது.

2009 டிசம்பரில் தில்லி அறக்கட்டளை தொடங்கப்பட்டபோது, பாரதிய ஜனதா தொடர்ந்து இரண்டாம் பொதுத்தேர்தலிலும் தோற்றிருந்தது. ஓய்வுபெற்ற உளவு அதிகாரிகள், தளபதிகள், தூதர்கள் அங்கே கூடினர். தேசிய நலன், பாதுகாப்பு, ஆட்சித்திறன் என்பனவே அவர்கள் மொழி. மதம் அதில் அரிதாகவே தலைகாட்டியது. 2011 ஏப்ரல் தொடக்கத்தில் ஊழலும் கறுப்புப் பணமும் பற்றி அங்கே நடந்த கருத்தரங்கில் பாபா ராம்தேவுடன் அரவிந்த் கேஜ்ரிவாலும் கிரண் பேடியும் பங்கேற்றனர். ரானடேயின் கையொப்பத் தாளை நினைவூட்டும் மேடை அது. அதே ஆண்டின் ஊழல் எதிர்ப்பு அலை முழுவதும் அந்த அரங்கில் உருவானது என்பது மிகை. ஆனால் மன்மோகன் சிங் அரசின் மீது சினமுற்றோர் பலரும் கூச்சமின்றி வந்துபோகக்கூடிய ஒரு கூடம் கட்டப்பட்டுவிட்டது.

ஆட்சி கைவந்தபின் கட்சிக்கும் குழாமுக்குமான இடைவெளியே சுருங்கிற்று. ராம் மாதவும் சௌர்ய தோவலும் முன்னின்ற இந்தியா ஃபவுண்டேஷனின் இயக்குநர்களாக 2017இல் நிர்மலா சீதாராமன், சுரேஷ் பிரபு உள்ளிட்ட பதவியிலிருந்த அமைச்சர்களே இருந்தனர்.

இக்குழாம்களின் செல்வாக்கு பெரும்பாலும் ஆட்களை வழங்கியதில்தான் இருந்தது, அறிக்கைகளில் அன்று. இதற்கு ஒரு விலக்கு உண்டு. ஜம்மு-காஷ்மீர் ஆய்வு மையம் 35ஏ பிரிவுக்கு எதிராகப் பல ஆண்டுகள் ஒரு சட்டவாதத்தை வளர்த்தது: நாடாளுமன்றத்தின் திருத்த நடைமுறைக்கு உட்படாமல், 1954இல் வெறும் குடியரசுத் தலைவர் ஆணையால் அரசமைப்பில் நுழைக்கப்பட்டது அது என்பதே அந்த வாதம். அதுவரை பலர் கேள்விப்பட்டிராத ஒரு பிரிவு தொலைக்காட்சி விவாதப் பொருளாயிற்று. 2019 ஆகஸ்ட் 5 அன்று அதை முடிவுக்குக் கொண்டுவந்ததும் ஒரு குடியரசுத் தலைவர் ஆணையே. 2023 டிசம்பரில் சிறப்புத் தகுதி நீக்கத்தை உறுதிசெய்த உச்ச நீதிமன்றம், 370ஆம் பிரிவை மறைமுகமாகத் திருத்த அந்த ஆணை கையாண்ட வழி மட்டும் செல்லாது என்றது. நடைமுறைத் தூய்மை பற்றி அத்தனை எழுதியவர்கள் அந்தப் பகுதியைப் பெரிதாகப் பேசியதாகத் தெரியவில்லை.

2017இல் துணைப் பாதுகாப்பு ஆலோசகர் பதவியிலிருந்து விலகிய அரவிந்த் குப்தா அறக்கட்டளையின் இயக்குநரானார். ஏணி இப்போது இருபுறமும் பயன்பட்டது. அதே சாணக்கியபுரியில் தர்ம மார்க்கில் 1973 முதல் இயங்கிவரும் கொள்கை ஆய்வு மையம், ஆட்சியில் எக்கட்சி இருந்தாலும் விமர்சனக் கட்டுரைகளை வெளியிட்டுவந்தது. வெளிநாட்டு நன்கொடை பெறும் அதன் உரிமம் 2023 பிப்ரவரியில் நிறுத்திவைக்கப்பட்டு, 2024 ஜனவரியில் ரத்தானது. ஊதியத்துக்கு வழியின்றி ஆய்வாளர்கள் ஒவ்வொருவராக வெளியேறினர்.