புல இருப்புச் சோதனை (ஜாவாஸ்கிரிப்ட்)

ஜாவாஸ்கிரிப்ட் மொழியில், ஓர் ஆப்ஜெக்டுக்குள் குறிப்பிட்ட பெயரில் புலம் இருக்கிறதா என்று அறியும் முறை. கேள்வி எளிது, பதிலில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள்.

ஒரு மாணவரின் விவரத்தில் ‘மதிப்பெண்’ என்ற புலம் இருக்கிறது, அதன் மதிப்பு 0 என்று வைத்துக்கொள்வோம். அந்தப் புலத்தை அப்படியே ‘இஃப்’ நிபந்தனைக்குள் போட்டால், 0 என்பது ‘இல்லை’ என்றே கொள்ளப்படும். தேர்வு எழுதிப் பூஜ்யம் வாங்கியவர் தேர்வே எழுதாதவராகிவிடுவார். மதிப்பு வேறு, இருப்பு வேறு. ‘அன்டிஃபைண்டு’ (வரையறுக்கப்படாதது) என்ற மதிப்போடு ஒப்பிடுவதும் முழுத் தீர்வல்ல. இருக்கிற புலத்துக்கே அந்த மதிப்பு அமையலாம்.

ஜாவாஸ்கிரிப்டின் தரநிலையான எக்மாஸ்கிரிப்டின், 1999-இல் வெளியான 3-ஆம் பதிப்பு இரண்டு வழிகளைத் தந்தது. ‘இன்’ என்ற செயற்குறி, ஆப்ஜெக்டோடு, அது புலங்களைப் பெறும் முன்மாதிரி ஆப்ஜெக்டுகளின் வரிசையான புரோட்டோடைப் சங்கிலி முழுவதிலும் தேடும். அதனால் வெற்று ஆப்ஜெக்டிடம், புரோட்டோடைப்பிலிருந்து வரும் ‘டுஸ்ட்ரிங்’ உண்டா என்று கேட்டாலும் ‘உண்டு’ என்றே பதில் வரும். ‘ஹேஸ்ஓன்ப்ராப்பர்ட்டி’ என்ற மெத்தட், ஆப்ஜெக்டின் சொந்தப் புலத்தை மட்டும் பார்க்கும். ஆனால் அதுவே புரோட்டோடைப்பிலிருந்து வருவது. புரோட்டோடைப் இல்லாமல் உருவாக்கிய ஆப்ஜெக்டில் அதை அழைத்தால் நிரல் பிழையோடு நின்றுவிடும்.

இந்தக் குறையைப் போக்கவே 2022-ஆம் ஆண்டுப் பதிப்பில் ‘ஆப்ஜெக்ட்.ஹேஸ்ஓன்’ சேர்ந்தது. புதிதாக நிரல் எழுதுவோர், சொந்தப் புலத்தைச் சோதிக்க இதையே பயன்படுத்துவது நல்லது.