சேரன்மாதேவிப் பந்தி

சேரன்மாதேவி குருகுலத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் பந்தியோடு நின்றுவிடுகிறோம். பிராமண மாணவர் இருவருக்குத் தனியே உணவு, அதை எதிர்த்துக் கிளர்ச்சி, கதை முடிந்தது. அந்தப் பந்தியால் காங்கிரஸ் என்னும் அமைப்புக்குள் நேர்ந்ததையே இங்கே பார்க்க விரும்புகிறோம்.

1922-இல் வ.வே.சு. ஐயர் தொடங்கிய அக்குருகுலத்துக்குத் தமிழ்நாடு காங்கிரஸ் 10,000 ரூபாய் தர ஒப்பி, முதலில் 5,000 அளித்தது. சிக்கலுக்கு வித்து இதுதான். பெற்றோருக்குக் கொடுத்த வாக்கை மீற இயலாது என்பது ஐயரின் நிலை. திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்த, லண்டனில் சாவர்க்கரோடு புரட்சி பேசிய அம்மனிதர் சொந்த ஆசாரத்துக்காக அவ்வாறு சொல்லியிருக்கமாட்டார் என்றே கருதுகிறோம். ஆனால், பொதுப்பணம் பெறும் இடத்தில் பிறப்பு வேற்றுமை ஏன் என்று வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கேட்டதற்கு அது விடையாகாது. ராஜாஜி முதலானோரோ, சமபந்தி நல்லதே, கட்டாயம் வேண்டாம் என்றனர்.

இவை வெறும் கொள்கைகள் அல்ல. நீதிக்கட்சி அரசு 1921-இலேயே வகுப்புவாரி ஆணை பிறப்பித்துவிட்டது. காங்கிரஸ் பிராமணர் கட்சி என்ற ஏச்சுக்குப் பதில் சொல்லவேண்டிய நெருக்கடி அக்கட்சியின் பிராமணரல்லாத தலைவர்களுக்கு இருந்தது. மற்றவர்களுக்கோ, கட்சி பிளவுபடுமே என்ற அச்சம். கூடவே, தம் செல்வாக்கு குறையுமே என்ற கவலையும் இருந்திருக்கலாம். நம்பிக்கை எங்கே முடிந்தது, நலன் எங்கே தொடங்கியது என்று அவர்களுக்கே தெரிந்திருக்குமா?

1925 ஏப்ரலில் திருச்சியில் கூடிய காங்கிரஸ் கமிட்டியில், தேசிய இயக்க நிறுவனங்களில் பிறப்பால் உயர்வு தாழ்வு பாராட்டலாகாது என்று எஸ். இராமநாதன் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. ராஜாஜி உள்ளிட்ட சிலர் கமிட்டியிலிருந்து விலகினர். ஜூனில் ஐயர், பாபநாசம் அருவியில் மகள் சுபத்திரையைக் காப்பாற்ற முயன்று உயிர்நீத்தார்.

வென்றவர்கள் நிலைத்தார்களா என்றால், அதுவும் இல்லை. பந்தியில் சமத்துவத்தை ஏற்ற கட்சி, பதவியில் பங்கு என்றபோது தயங்கியது. பெரியார் 1920 முதல் மாகாண மாநாடுகளில் வற்புறுத்திவந்த வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம், நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டிலும் அனுமதிக்கப்படவில்லை. அங்கே தலைமை வகித்தவர், குருகுல விவகாரத்தில் நாயுடு பக்கம் நின்ற திரு.வி.க.! பெரியார் வெளியேறினார்.

திருச்சித் தீர்மானத்தின் இராமநாதன் சுயமரியாதை இயக்கத்தில் முன்னணியில் நின்று, பின் காங்கிரசுக்கே திரும்பி, 1937-இல் ராஜாஜியின் அமைச்சரவையில் இடம்பெற்றார்.