மணியகாரர் திறந்து வைத்த கொப்பி

நேயர்களே, கச்சேரி என்றதும் சங்கீதம் நினைவுக்கு வருபவர்கள் உண்டு. எனக்கு வருவது கோவைக் கட்டுகளின் புழுதி வாசனை. எழுபதுகளில் ஒரு கச்சேரியின் காணிப் பிரிவில் லிகிதராகச் சேர்ந்தேன். அங்கே மூத்த லிகிதர் ஒருவர் இருந்தார். எந்தக் குளத்தின் கீழ் எத்தனை ஏக்கர், எந்த எல்லைக்கல் எப்போது இடம் மாறியது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். மனதில் நிற்காதவற்றுக்கு ஒரு நீலக் கொப்பி வைத்திருந்தார். அதை வேறெவரும் தொட முடியாது. இளைப்பாறிய அன்று மாலையோடு கொப்பியையும் வீட்டுக்குக் கொண்டு போய்விட்டார். அதன்பின் வந்த ஓர் எல்லைத் தகராறைத் தீர்க்க எங்களுக்கு எட்டு மாதம் பிடித்தது. அந்தப் போகம் ஒரு கமக்காரக் குடும்பம் விதைக்கவில்லை.

அந்தக் கொப்பியை எண்ணும்போதெல்லாம் சைமன் காசிச்செட்டி என் நினைவில் எழுவார். தமிழிலக்கிய அன்பர்கள் அவரைத் 'தமிழ் புளூராக்' ஆசிரியராக அறிவார்கள். ஏறக்குறைய 200 தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை ஆங்கிலத்தில் திரட்டி, 1859இல் யாழ்ப்பாணத்தில் வெளியிட்டவர். ஆனால் நான் இன்று பேச விரும்புவது அந்தப் புலவர் புராணத்தை அல்ல. அதற்குக் கால் நூற்றாண்டு முன்னர் அவர் செய்த இன்னொரு காரியத்தை.

கற்பிட்டியில் 1807இல் பிறந்தவர் அவர். புத்தளத்தில் மணியகாரராக இருந்தபோது, 27ஆவது வயதில், 1834இல், 'சிலோன் கசற்றியர்' என்ற நூலைக் கோட்டை மிஷன் அச்சகத்தில் அச்சிட்டார். கொழும்புக் கோட்டை அல்ல, நேயர்களே. கிறித்தவ மிஷன் அச்சகம் இருந்த ஜயவர்தனபுரக் கோட்டை. இலங்கையின் மாகாணங்கள், பட்டினங்கள், முக்கிய கிராமங்கள், துறைமுகங்கள், ஆறுகள், வாவிகள் எல்லாம் அகர வரிசையில். கூடவே மக்களின் வழக்கங்கள், பயிர்ச்செய்கை, வணிகம், வருமானம், கல்வி. இந்தியாவுக்கு ஹமில்டன் என்பவர் 1815இலேயே இப்படியொன்று செய்திருந்தார். நம் தீவுக்கு அதைச் செய்தவர் வெள்ளைக்காரர் அல்லர், ஒரு தமிழ் மணியகாரர்.

காலத்தையும் பாருங்கள். கோல்புறூக், கமறன் ஆணையாளர்களின் சிபாரிசுப்படி 1833இல் நாடு ஐந்து மாகாணங்களாக வகுக்கப்பட்டது. சட்டசபை தோன்றியது. சிவில் சேவையின் கதவு சுதேசிகளுக்குக் கொஞ்சம் திறந்தது. மாகாணக் கோடுகள் புதியவை. உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரே இடத்திற் பார்க்க நூல் வேண்டியிருந்தது. மறு ஆண்டே நூல் வந்தது.

இதிலே எனக்கு வியப்பு எது தெரியுமா? மணியகாரர் என்ற பதவியே அறிவை நம்பிப் பிழைத்த பதவி. துரைமார் வருவார்கள், சில ஆண்டுகளில் மாறிப் போவார்கள். யாருடைய வயல் எங்கே, யாருக்கு யார் பகை என்பது ஊர்த் தலைமைக்காரனுக்கே தெரியும். தெரிந்ததைச் சொல்லாமல் வைத்திருப்பதுதான் அவன் செல்வாக்கு. காசிச்செட்டியோ தெரிந்ததையும், தேடிச் சேர்த்ததையும், விலை கொடுத்து வாங்கும் எவரும் வாசிக்கும்படி அச்சிலே போட்டுவிட்டார்.

அரசாங்கத்திடம் வேறொரு வழியும் இருந்தது. 1808இல் தேசாதிபதி மெயிற்லண்ட் காலத்தில் தொடங்கிய உத்தியோக நாட்குறிப்பு அது. மாவட்ட அதிகாரிகள் அன்றன்று கண்டதையும் செய்ததையும் எழுதிக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அறிவு அதிலே கீழிருந்து மேலே மட்டும் போயிற்று. பக்கத்து மாவட்டத்துக்குப் போகவில்லை. அம்பாந்தோட்டையில் 1908 முதல் 1911 வரை உதவி அரசாங்க அதிபராக இருந்த லெனாட் வூல்ப், மாட்டுக் கொள்ளைநோயையும் உப்புச் சேகரிப்பையும் பற்றி எழுதிய நாட்குறிப்புகள் பொதுமக்கள் கைக்கு வர ஏறக்குறைய அரை நூற்றாண்டு சென்றது. அதுவும் அவர் பெயர்பெற்ற எழுத்தாளரானதால். எழுத்தாளராகாத அதிபர்களின் கட்டுகள் எத்தனை சுவடிச்சாலையில் உறங்குகின்றன!

காசிச்செட்டியைத் தெய்வமாக்க நான் வரவில்லை. நூல் ஆங்கிலத்தில் இருந்தது. புத்தளத்துக் கமக்காரன் அதைப் புரட்டியிருக்க மாட்டான். சாதிகளை அவர் வகுத்து எழுதியதில் ஆட்சியாளரின் கண்ணாடியும் சற்று ஒட்டியிருக்கிறது. புலவர் வரலாற்றிலும் காலக் கணக்கிற் பிழைகள் உண்டு. ஆனால் எழுதி வைத்ததால்தானே பிழை பிடிக்க முடிகிறது? நீலக் கொப்பியில் என்ன பிழை இருந்தது என்று யாருக்குத் தெரியும்.

1838இல் அவர் தமிழர் பிரதிநிதியாகச் சட்டசபைக்கு நியமனமானார். 1845இல் சிவில் சேவையில் இடம்பெற்ற முதற் சுதேசிகளில் ஒருவரானார். சிலாபத்தில் நீதிபதியாகவும் இருந்தார். அதே 1845இல் தோன்றிய றோயல் ஏசியற்றிக் சங்கத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகைக்குக் கட்டுரைகளும் எழுதினார். 1860இல் காலமானார்.

கச்சேரி இன்று மாவட்டச் செயலகம். கணினி வந்துவிட்டது. நான் இளைப்பாறுவதற்குச் சில ஆண்டுகள் முன்னர், எங்கள் பிரிவின் குளங்களையும் எல்லைகளையும் அகர வரிசையில் ஒரு பதிவேட்டில் எழுதத் தொடங்கினேன். பக்கத்து மேசைத் தம்பி சிரித்தார்: "ஐயா, இதை எழுதிக் கொடுத்தால் பிறகு உங்களை யார் தேடி வருவார்கள்?" 'வ'கரம் வரை எழுதி முடித்து, பதிவேட்டை அவர் மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.