அம்மியில் அரைத்த மஞ்சளும் முதியோர் நினைவாற்றலும்

அம்பாளுக்கு மஞ்சட் காப்புச் சாத்துவதும், காப்புக் கயிற்றில் மஞ்சட் கிழங்கைக் கட்டுவதும் தொன்றுதொட்டு வரும் வழக்கமாகும். மலாயாவின் தோட்டப்புறங்களில் குடியேறிய தமிழர்கள் இவ்வழக்கத்தைக் கைவிடவில்லை. அம்மியில் மஞ்சளும் மிளகும் அரைத்துக் குழம்பு வைப்பதையும் விடவில்லை. அக்குழம்புக்கும் முதுமையில் நினைவு மங்குவதற்கும் தொடர்புண்டா என்னும் வினாவை விஞ்ஞானம் எழுப்பியதோ மிகவும் பிற்பட்ட காலத்தில்தான்.

மஞ்சளின் நிறப்பொருளாகிய குர்குமின் 1815-இல் பிரித்தெடுக்கப்பெற்றது. மிளகின் காரப்பொருளாகிய பைப்பரினை 1819-இல் டென்மார்க் அறிஞர் ஓர்ஸ்டெட் கண்டறிந்தார். மறு ஆண்டே மின்சாரத்திற்கும் காந்தத்திற்கும் உள்ள தொடர்பைக் கண்டு உலகப் புகழ் பெற்றவரும் இவரே. இவ்விரு பொருள்களும் ஒன்றுசேர்ந்து ஆராயப்பட ஏறத்தாழ 180 ஆண்டுகள் சென்றன. உண்ட குர்குமினில் மிகச் சிறிதளவே இரத்தத்தில் கலக்கின்றது. அதனுடன் 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்தால் அவ்வளவு பன்மடங்கு உயர்கின்றது என்பதை 1998-இல் பெங்களூர் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். இரசத்தில் இரண்டையும் சேர்த்த பாட்டிமார் இக்கணக்கை அறிந்து சேர்த்தார்கள் என்று கூறுவது மிகையாகும். சுவையும் செரிமானமும் கருதியே சேர்த்தனர்.

2001-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் எலிகளுக்குக் குர்குமின் கொடுத்து ஆராய்ந்தபோது, அல்சைமர் நோயில் மூளையில் படியும் புரதம் குறையக் கண்டனர். அதன்பின் 2006-இல் சிங்கப்பூரில் நடைபெற்ற ஆய்வு நம் வட்டாரத்தையே சார்ந்தது. 60 முதல் 93 வயது வரையிலான 1010 முதியோரிடம் நினைவையும் அறிவாற்றலையும் அளக்கும் வினாச் சோதனை நடத்தப்பெற்றது. கறியை அரிதாகவோ அறவேயில்லாமலோ உண்டவர்களைக் காட்டிலும், அவ்வப்போது உண்டவர்களும் அடிக்கடி உண்டவர்களும் கூடுதல் மதிப்பெண் பெற்றனர். எனினும் கறிதான் அதற்குக் காரணம் என்று அவ்வாய்வு மெய்ப்பிக்கவில்லை.

இவ்வேறுபாட்டை மறந்து, நினைவிழந்த பெற்றோருக்கு மருத்துவரை நாடாமல் மஞ்சட்பொடியை மட்டும் கரைத்துக் கொடுப்பது பெருந்தவறு. 2008-இல் ஹாங்காங்கிலும் 2012-இல் அமெரிக்காவிலும் நோயுற்றோருக்கே குர்குமின் கொடுத்துப் பார்த்தனர், பயன் தென்படவில்லை. 2018-இல் லாஸ் ஏஞ்சல்ஸில், மறதிநோய் இல்லாத 40 பேர் கலந்துகொண்ட 18 மாத ஆய்வில், அதனை உட்கொண்டவர்களின் நினைவாற்றல் மேம்பட்டது. ஆனால் அங்கே வழங்கப்பெற்றது சமையல் மஞ்சள் அன்று. உடலில் எளிதில் சேருமாறு தனிமுறையில் தயாரித்த குர்குமின். சமையல் மஞ்சட்பொடி 100 கிராமில் குர்குமின் இருப்பது சுமார் 3 கிராம்தான்.