கறை படிந்த லென்ஸ் கற்பித்த பாடம்

பழைய காமிரா லென்ஸ் ஒன்றை விலைக்கு வாங்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் இரண்டு லென்ஸ்களை உங்கள் முன் வைக்கிறார். இரண்டும் ஒரே வகை, ஒரே வயது. ஒன்றின் முகப்புக் கண்ணாடியைச் சாய்த்துப் பார்த்தால் நீலமும் ஊதாவும் கலந்த நிறம் தெரிகிறது. மற்றொன்று கழுவித் துடைத்த கண்ணாடிக் குவளை போலப் பளிச்சென்று இருக்கிறது. நீங்கள் எதை எடுப்பீர்கள்?

நான் பளிச்சென்று இருந்ததைத்தான் எடுத்தேன். பல மாதச் சேமிப்பு அதற்குச் செலவாயிற்று. வீட்டிற்கு வந்து, சன்னலோரம் என் மகளை உட்காரவைத்துப் படம் எடுத்தேன். அவளுடைய கருங்கூந்தல் சாம்பல் நிறமாக விழுந்தது. படம் முழுவதையும் மெல்லிய புகை மூடியது போல இருந்தது. முன்பு அந்த லென்ஸை வைத்திருந்தவர் ஊதா நிறத்தை அழுக்கென்று எண்ணித் தேய்த்தே அகற்றியிருக்கிறார். தேய்த்ததில் நுண்ணிய கீறல்களும் விழுந்திருந்தன. ஆண்டுதோறும் வகுப்பில் மென்படலங்களின் குறுக்கீட்டு விளைவை நடத்தும் எனக்குக் கடையில் அந்தப் பாடம் நினைவுக்கு வரவில்லை!

அந்த ஊதா நிறத்திற்கு ஒரு வரலாறு உண்டு. அது தொடங்கியதும் பழைய கண்ணாடி ஒன்றில்தான்.

பழைய கண்ணாடி தந்த வியப்பு

தூய கண்ணாடியின் மீது ஒளி விழும்போது முழுவதும் உள்ளே செல்வதில்லை. ஒளிவிலகல் எண் 1.5 உடைய கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 விழுக்காடு ஒளி எதிரொளிக்கப்பட்டுத் திரும்பிவிடுகிறது. கண்ணாடி நாட்பட நாட்பட, காற்றின் ஈரத்தால் அதன் மேற்பரப்பு வேதி மாற்றம் அடைந்து நிறம் மாறுகிறது. இத்தகைய கண்ணாடி ஒளியைக் குறைவாகவே கடத்தும் என்றுதான் எவரும் நினைப்போம்.

1886-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் இயற்பியல் அறிஞர் ராலே பிரபு கண்ணாடிப் பரப்புகளின் எதிரொளிப்பை அளந்து பார்த்தார். முடிவு எதிர்பார்ப்புக்கு நேர்மாறாக இருந்தது. சற்றே நிறம் மாறிய பழைய கண்ணாடி, புதிய கண்ணாடியைவிட அதிக ஒளியை உள்ளே விட்டது!

அதே நாட்டின் யார்க் நகரில் டி. குக் அண்ட் சன்ஸ் என்ற தொலைநோக்கி நிறுவனம் இருந்தது. அங்கே பணியாற்றிய ஹெரால்டு டென்னிஸ் டெய்லர், தொலைநோக்கி லென்ஸ்களைச் சோதிக்கும் முறை பற்றி 1891-இல் நூல் எழுதியவர். 1890-களில் அவரும் இதே உண்மையைக் கண்டார். லென்ஸில் கறை படிந்துவிட்டதே என்று கவலைப்பட்டவர்களிடம், அந்தக் கறை லென்ஸின் ஒளி கடத்தும் திறனைக் கூட்டவே செய்கிறது என்று அவர் எடுத்துரைத்தார். இயற்கை பல ஆண்டுகளில் செய்வதை வேதிப்பொருள்களால் விரைவில் செய்ய முயன்று, 1904-இல் காப்புரிமையும் பெற்றார். ஆனால் கண்ணாடி வகைக்கு வகை விளைவு வேறுபட்டதால் அம்முறை பரவவில்லை.

கறை செய்யும் வேலை

கறை எவ்வாறு ஒளியைக் கூட்டுகிறது? மேற்பரப்பில் உண்டான படலத்தின் ஒளிவிலகல் எண் காற்றுக்கும் கண்ணாடிக்கும் இடைப்பட்டது. எனவே ஒளி இரண்டு இடங்களில் எதிரொளிக்கிறது: படலத்தின் மேற்புறத்தில் ஒரு முறை, அடிப்புறத்தில் ஒரு முறை. படலத்தின் தடிமன், அதனுள் ஒளியின் அலைநீளத்தில் கால் பங்காக இருந்தால், போய்த் திரும்பும் இரண்டாவது அலை அரை அலைநீளம் பின்தங்கும். ஒன்றின் முகடு மற்றொன்றின் அகட்டின்மேல் விழ, இரண்டும் ஒன்றையொன்று பெரும்பாலும் அழித்துவிடும்.

அழிந்த ஒளியின் ஆற்றல் எங்கே போயிற்று என்று மாணவர்கள் கேட்பார்கள். நல்ல கேள்வி. ஆற்றல் அழியவில்லை, எதிரொளிப்பில் குறைந்தது அப்படியே கண்ணாடிக்குள் செல்கிறது.

காத்திருந்த லென்ஸ்

இந்த அறிவு இல்லாமல் காமிரா லென்ஸ்கள் எவ்வளவு தவித்தன என்பதற்குச் சான்று ஒன்று. 1896-இல் ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தில் பால் ருடால்ஃப் பிளேனார் என்னும் லென்ஸை வடிவமைத்தார். அதில் 6 கண்ணாடிகள் 4 தொகுதிகளாக அமைந்திருந்தன. காற்றைத் தொடும் பரப்புகள் 8. பரப்புக்கு 4 விழுக்காடு வீதம் கணக்கிட்டால் 72 விழுக்காடு ஒளியே நேராகக் கடந்து செல்லும். மீதியில் ஒரு பகுதி கண்ணாடிகளுக்கிடையே அலைந்து படத்தின்மேல் விழுந்து, கருமையை வெளுக்கச் செய்யும். 1902-இல் வந்த டெஸ்ஸார் லென்ஸில் அத்தகைய பரப்புகள் 6 மட்டுமே. பல்லாண்டுகள் டெஸ்ஸாரே புகழ்பெற்று விளங்க, பிளேனார் பின்தங்கியது.

1935-இல் அதே சைஸ் நிறுவனத்தில், உக்ரைனில் பிறந்த அலெக்சாண்டர் ஸ்மாகுலா, வெற்றிடத்தில் பொருளை ஆவியாக்கிக் கண்ணாடியின்மேல் மென்படலமாகப் படியச் செய்யும் முறையை உருவாக்கினார். 1938-இல் அமெரிக்காவில் கேத்தரின் பிளாட்ஜெட், ஒரு மூலக்கூறு தடிமனுள்ள சோப்புப் போன்ற படலங்கள் 44-ஐ ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எதிரொளிப்பை ஏறத்தாழ இல்லாமலே செய்தார். ஆனால் அந்தப் படலம் துடைத்தால் போய்விடும் அளவுக்கு மென்மையானது.

பின்னர் மக்னீசியம் ஃபுளூரைடு பெருவழக்காயிற்று. அதன் ஒளிவிலகல் எண் 1.38. பச்சை ஒளிக்கு வேண்டிய தடிமன் சுமார் 100 நானோமீட்டர், அதாவது மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு! இதனால் பரப்பின் எதிரொளிப்பு 4-இலிருந்து சுமார் 1.4 விழுக்காடாகக் குறைகிறது. பச்சை நன்கு அடங்க, நீலமும் சிவப்பும் சற்று மிஞ்சுகின்றன. நாம் காணும் ஊதா நிறம் அதுவே. படலம் வந்த பிறகு, பிளேனார் வகை லென்ஸ்கள் உலகெங்கும் காமிராக்களில் இடம்பெற்றன.

நீங்கள் சோதிக்கும்போது

இந்த வரலாற்றை அறிந்த நீங்கள் என்னைப்போல் ஏமாற வேண்டியதில்லை. மின்விளக்கின் கீழ் லென்ஸைச் சாய்த்து, கண்ணாடிகளில் தெரியும் விளக்கின் பிம்பங்களைப் பாருங்கள். படலமுள்ள பரப்பில் பிம்பம் ஊதாவாகவோ நீலமாகவோ, பல படலங்கள் பூசிய பிற்கால லென்ஸாயின் பெரும்பாலும் பச்சையாகவோ மங்கித் தெரியும். மற்றவை நிறத்தோடிருக்க, முகப்பில் மட்டும் பிம்பம் வெள்ளையாகப் பளிச்சிட்டால், படலம் தேய்ந்துபோயிருக்கலாம்.

எல்லாக் கறையும் நன்மை செய்யாது. டார்ச் விளக்கை லென்ஸின் பின்புறமிருந்து சாய்வாகக் காட்டி, முன்புறமிருந்து பாருங்கள். விளக்கை நேராகப் பார்க்க வேண்டாம். சிலந்தி நூல் போலக் கிளைத்துப் படர்ந்திருப்பது பூஞ்சை. அது கண்ணாடியையே அரித்துவிடக்கூடும். பால் ஊற்றியது போன்ற மங்கலும் ஒளியைச் சிதறடிக்கும், அவற்றை ஒதுக்குங்கள். பிறகு சுவரில் செய்தித்தாளை ஒட்டி, காமிராவை அதற்கு நேராக நிறுத்தி, லென்ஸின் துளையை முழுவதும் திறந்து படமெடுங்கள். நான்கு மூலைகளிலும் எழுத்துகள் ஒரே அளவு தெளிவாக இருக்க வேண்டும். ஒரு மூலை மட்டும் கலங்கினால், உள்ளே ஏதோ கண்ணாடி இடம் பெயர்ந்திருக்கலாம். கடைசியாக, வெளிச்சமான சன்னலுக்கு எதிரே கரிய பொருள் ஒன்றை வைத்துப் படமெடுங்கள். கருமை கருமையாகவே வருகிறதா?

கடையில் நான் செய்யத் தவறியது இந்தக் கடைசிச் சோதனையைத்தான். ராலே பிரபு கண்ணாடியின் தோற்றத்தைக் கொண்டு தீர்ப்புச் சொல்லவில்லை, ஒளியை அளந்தார். டெய்லரும் கறையைத் துடைக்கும் முன் சோதித்தார். துணியைக் கையில் எடுப்பதற்கு முன் நீங்களும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.