வாத்தியாரும் பிள்ளைகளும்

நடிப்பு பூர்வ புண்ணியத்தால் வாய்ப்பதேயன்றிப் பயிற்சியால் வருவதன்று என்று வாதிப்போரைக் காணுந்தோறும் என் நினைவு மதுரையின் பாலர் சபைகளையே நாடிச் செல்கிறது. வயதுவந்த நடிகர்கள் கட்டுப்பாட்டுக்கு அடங்காமல், மேடையேறியபின் மனம்போனபடி தர்க்கம் வளர்த்துக் கதையைச் சிதைத்துவந்த காலத்தில், சிறுவர்களைக் கொண்டே நாடகம் நடத்தத் துணிந்த சங்கரதாஸ் சுவாமிகள், 1918-ஆம் ஆண்டில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபைக்கு ஆசிரியராக அமர்ந்தார். ஆறு வயதுப் பாலகனான டி. கே. சண்முகம் தம் தமையன்மாரோடு வந்து சேர்ந்ததும் அச்சபையில்தான்.

ஊரார் பாய்ஸ் கம்பெனி என்றழைத்த அச்சபைகளில் சாரீரத்துக்கும் உச்சரிப்புக்குமே முதன்மை. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில், தரை டிக்கெட்டின் கடைசியில் சம்மணமிட்டிருப்பவன் காதிலும் சொல்லின் ஈற்றெழுத்துத் தெளிவாக விழவேண்டுமாகையால், ஆர்மோனியத்தின் சுருதி விலகாமல் பாடவும், ழகரமும் றகரமும் குழையாமல் பேசவும், நீண்ட வசனத்தின் நடுவே எவ்விடத்தில் மூச்சை வாங்கிக்கொள்வதென்று அறியவும் பிள்ளைகள் இடைவிடாது அப்பியாசம் செய்தார்கள். அவர்களுக்கென்றே சுவாமிகள் ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பர்.

1891-இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் இத்தகைய குருகுலவாசம் இன்றியே பெரும்புகழ் எய்தியது மெய்யே. ஆயினும் கல்வியும் ஓய்வும் வாய்த்த கனவான்களுக்கு இயன்ற அவ்வழி, வயிற்றுப்பாட்டுக்காக மேடையேறிய ஏழைச் சிறுவனுக்கு எங்ஙனம் இயலும்? மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் எம். ஜி. ராமச்சந்திரனும், யதார்த்தம் பொன்னுசாமி பிள்ளையின் கம்பெனியில் சிவாஜி கணேசனும் பால்யத்திலேயே பெற்ற பயிற்சி வீண்போகவில்லை என்பதற்கு, 1952-இல் வெளிவந்த ‘பராசக்தி’ திரைப்படத்தில் கணேசன் நடித்த நீதிமன்றக் காட்சி ஒன்றே சாட்சி.

அதற்காகப் பிள்ளைகள் கொடுத்த விலையை நான் மறைக்க விரும்பவில்லை. பள்ளிக்கூடமும் தாய்மடியும் அவர்களுக்கு இல்லாமற்போயின. மகரக்கட்டு வந்து குரல் உடைந்தவுடன், நேற்றுவரை ராஜபார்ட்டாக விளங்கிய பையனும் வேஷமின்றி நின்றான். கற்பித்த வித்தை உயர்ந்ததென்பதால் அக்கொடுமை நியாயமாகிவிடாது.

சுவாமிகளோ, பக்கவாதத்தால் தம் நாவே எழாமற்போன பின்னரும், 1922-இல் புதுச்சேரியில் காலமாகும்வரை அப்பிள்ளைகளை விட்டுப் பிரியவில்லை.