செப்புத் தகட்டிற் கண்ட ஊர்கள்

சம்பூர்க் கரையில் நின்று கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் நோக்கின், திருகோணமலைக் குன்றுகள் தெரியும். அக்கரையில் நின்று வரைந்தவர்களும் உளர். அவர்கள் யார்? எவ்வாறு வரைந்தனர்?

புகைப்படக் கருவி தோன்றாத 18ஆம் நூற்றாண்டிலே, தூரதேசத்துப் பட்டினங்களை ஐரோப்பியர் பெரும்பாலும் செப்புத்தகட்டுச் சித்திரங்கள் வாயிலாகவே கண்டனர். மெழுகு பூசிய தகட்டில் ஊசியாற் கீறி அமிலத்தில் இடுவர்; கீறிய கோடுகளை அமிலம் அரிக்கும். அப்பள்ளங்களில் மை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரக் கடதாசியை வைத்து உருளைகளுக்கிடையே அழுத்துவர். இடம் வலமாக மாற்றிக் கீறினாற்றான் தாளிற் படம் நேராக விழும். படத்தின் கீழே இடமூலையில் வரைந்தவர் பெயரும், வலமூலையிற் செதுக்கியவர் பெயரும் பொறிப்பது வழக்கம்.

ஆயினும், வரைந்தவர் எல்லாரும் கண்டவரல்லர். 1731ஆம் ஆண்டளவில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனி, சென்னைக் கோட்டை முதலிய ஆறு இடங்களைத் தீட்டும்படி ஜோர்ஜ் லம்பேட், சாமுவேல் ஸ்கொட் என்னும் ஓவியரைப் பணித்தது. இருவரும் இந்திய மண்ணை மிதித்தவரல்லர். அவ்வோவியங்களே பின்னர்த் தகட்டிலும் ஏறிப் பரவின.

இதற்கு மாறானவர் யொஹான் வொல்ப்காங் ஹைட் என்னும் ஜேர்மனியர். ஒல்லாந்தக் கம்பனிச் சேவையில் 1730களில் இலங்கையில் இருந்த இவர், 1736இல் கண்டிக்குச் சென்ற தூதுக்குழுவிலும் இடம்பெற்றார். கொழும்பையும் காலியையும் கண்டு வரைந்தார். அவை தகட்டுச் சித்திரங்களாகி, அவரது விளக்கத்துடன் 1744இல் ஜேர்மனியில் நூலாயின. அதன் இலங்கைப் பகுதி 1952இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது.

நமது துறைமுகமோ, அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சாமுவேல் டானியலின் கையிற் சிக்கியது. ஒஸ்ரன்பேர்க் கோட்டையிலிருந்து அவர் கண்ட காட்சி, 1808இல் இலண்டனில் வெளியான அவரது பன்னிரு படங்களுள் ஒன்று. 1811இல் அவர் இலங்கையிலேயே காலமானார்.

கோட்டையிலிருந்து பார்ப்பவனுக்குத் துறைமுகமே பெரிது. நம் குளமும் வயலும் அவனுக்கு வேண்டியவையல்ல. அதனால் அவனைக் குறை கூறேன். நாம் வரைந்தோமா என்றே கேட்கிறேன்.

2006இற் போரினாற் சம்பூர் மக்கள் ஊர் நீங்கினர். 2015 முதல் படிப்படியாக மீண்டனர். எங்கள் வளவில் வீடு நின்ற இடத்தை எனக்குக் காட்ட, அம்மம்மாவின் விரலைத் தவிர வேறு சான்று இருக்கவில்லை. படம் ஒன்றேனும் மிஞ்சவில்லை.

ஆதலின் இளைஞர்காள், கோயில் வீதியையும் குளக்கட்டையும் ஒழுங்கைகளையும் நாமே வரைவோம். பெரியோர் பிழை திருத்தி, மறைந்தவற்றையும் சொல்லித் தருவாராக. மூலையிற் பெயரையும் ஆண்டையும் மறவாது எழுதுவோம். கண்டவன் கை வரைந்ததே ஊருக்குச் சாட்சி.